வாசல்ல நின்ன தாய்மாமன்

இங்கிட்டு வந்து உக்காரு தாயி. இல்ல, அந்தப் பக்கம் வேணாம், என் வலது கைப் பக்கமா வா. ஆங், இப்பச் சரி. ஏன்னு கேக்காத, பேச்சோட பேச்சா வரும்.

யாருக்குக் காட்ட வந்த? மாமியாருக்கா? அப்ப நீ துணைக்கு வந்தவளாக்கும். நானும் துணைக்கு வந்தவதான். எங்க வீட்டுக்காரருக்குக் கண்ணுல புரை. டிவியில எவ அழுகுறா, எவ சிரிக்கிறான்னு என்னையக் கேட்டுக் கேட்டு உசிர எடுத்தாரு. இம்சை தாங்காம பஸ் ஏத்திக் கூட்டியாந்தேன். அவருக்கு ஆப்பரேசன் நல்லபடியா முடிஞ்சு, இப்ப கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு வீட்டுல ஜம்முன்னு உக்காந்து, எங்கெங்க ஓட்டடை இருக்குன்னு எனக்குக் கணக்குச் சொல்றாரு. துணைக்கு வந்த நான்தான் இங்க மாட்டிக்கிட்டேன். அதனால ஒனக்கும் சொல்றேன், சூதானமா இரு.

இன்னைக்கு எனக்குப் பாக்க வரல. எந்தம்பி உள்ள இருக்கான். அந்தா, கதவு ஒருக்களிச்சுத் தெரியுதே, அந்த இருட்டு ரூம்புல. கனகவேலுன்னு பேரு. ஸ்கூல் வேன் ஓட்டுறான். எங்கூடப் பேச மாட்டான். அருப்புக்கோட்டையில இருந்து ஒரே பஸ்ஸுலதான் வந்தோம், அவன் டிரைவர் பக்கத்துல, நான் கடைசி சீட்டுல. டீக்கடையிலகூட அவன் டீக்கு அவன், என் டீக்கு நான். ஆனா வந்துட்டான். எதுக்கு வந்தான்னு கேளு. அக்கா சொல்றது பொய்யின்னு டாக்டர் வாயால கேட்டுட்டுப் போறதுக்கு! எப்பேர்ப்பட்ட பாசம் பாரு.

நடந்தத அப்படியே சொல்றேன். நியாயம் எம்பக்கமா அவம்பக்கமான்னு நீயே சொல்லு. எம்பக்கந்தான். இருந்தாலும் கேளு.

ஆவணியில எம்மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பேங்க்குல வேலை. பெரிய மகாலாப் புடிச்சோம். வாசல்ல நின்னு வர்றவுகளை ‘வாங்க வாங்க’ன்னு கூப்புடுற வேலை என்னோடது. அது லேசுப்பட்ட வேலைன்னு நெனைக்காத. சாம்பாருல உப்பு இல்லன்னாலும் பொறுத்துக்கிருவாக. பாயாசம் அடிப்புடிச்சாலும் பொறுத்துக்கிருவாக. வாசல்ல வான்னு ஒரு வார்த்தை கேக்கலன்னா சாகுற வரைக்கும் மறக்க மாட்டாக. செத்தப்புறமும் அவுக பிள்ளைக ஞாபகம் வச்சிருக்கும். நான் காலையில இருந்து தொண்டைத் தண்ணி வத்துற அளவுக்கு வாங்க சொன்னேன். தெரியாத ஆளு ரெண்டு பேரு பக்கத்து மகாலுக்குப் போறவுக, நான் கூப்புட்ட கூப்புல வெக்கப்பட்டுக்கிட்டு உள்ள வந்து சாப்புட்டே போயிட்டாக.

அப்பேர்ப்பட்டவ, கூடப்பொறந்த தம்பியக் கூப்புடாம இருப்பேனா? அதுவும் யாரு அவன்? தாய்மாமன். அவன் மாலை போட்டுத்தான் பொண்ணு மணவறைக்கே வரணும்.

அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா, எண்ணெய்ச் செக்குக்காரரு குடும்பத்தோட எனக்கு நேரா வந்தாரு. ‘வாங்க’ன்னேன். அந்தம்மா காதுல புதுத் தோடு. எங்க எடுத்தீகன்னு விசாரிச்சேன். விசாரிக்கக் கூடாதா? அந்த நேரம் பாத்து எந்தம்பியும் அவன் பொண்டாட்டி ஜெயக்கொடியும் சீர்த் தட்டோட இடது பக்கமா வந்து நின்னாகளாம். ‘நின்னாகளாம்’னுதான் நான் சொல்லுவேன், ஏன்னா நான் பாக்கல. தோட்டுக் கதை முடிஞ்சு, அடுத்து வந்தவுகளையும் வாங்கன்னு சொல்லி, பன்னீரும் தெளிச்சேனாம், அவுக பக்கம் திரும்பவே இல்லையாம். ‘மதினி தெளிச்ச பன்னீர் எங்க மேல தெறிச்சுச்சு, மதினி பார்வை தெறிக்கல’ன்னு ஜெயக்கொடி இன்னைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறா. நல்லாத்தான் பேசுவா அவ.

சரி, அக்கா பாக்கல, ‘ஏ அக்கா’ன்னு ஒரு சத்தம் குடுத்தா என்னன்னு நீ கேப்ப. அதெப்படி குடுப்பான்? சீர்த் தட்டு ஏந்திக்கிட்டு வந்த தாய்மாமன் ‘நான் வந்திருக்கேன், என்னைய வான்னு சொல்லு’ன்னா கேப்பான்? மானம் ரோசம் உள்ளவன் எவன் கேப்பான்? அதுல அவன் மேல தப்பே இல்ல. ரெண்டு தடவ தொண்டையச் செருமுனானாம். நாயனக்காரன் பக்கத்துலயே நின்னு உசிரக் குடுத்து ஊதிக்கிட்டு இருக்கான், எங்கிட்டுக் கேக்கும்? சீர்த் தட்டச் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்துல வச்சுட்டு, கை நனைக்காமத் திரும்பிப் போயிட்டான்.

முகூர்த்த நேரம். ‘பொண்ணோட தாய்மாமன் மேடைக்கு வரவும்’னு மைக்குல கூப்புடுறாக. வரவும், வரவும்னு மைக்கு கத்துது. ஆளக் காணோம். எனக்கு அப்படியே உடம்பெல்லாம் கூசிப்போச்சு தாயி. கடைசியில ஒண்ணுவிட்ட தம்பி ஒருத்தன பந்தியில இருந்து பாதிச் சாப்பாட்டுல எழுப்பிக் கூட்டியாந்து மாலையப் போடச் சொன்னோம். எம்மக கல்யாண வீடியோவப் பாத்தியன்னா, தாய்மாமன் வேட்டியில ரசம் வழிஞ்சிருக்கும்.

அன்னைக்கு ஆரம்பிச்சது. ‘பேங்க்கு மாப்பிள்ளை வந்ததும் சண்முகக்கனிக்கு வேன் ஓட்டுற தம்பி எளக்காரமாப் போயிட்டான்’னு சொந்தக்காரவுக பேச ஆரம்பிச்சாக. நான் பாக்கவே இல்ல, சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்றேன்னேன். ஒருத்தரும் நம்பல. எப்படி நம்புவாக? எங் கண்ணு அப்படிப்பட்ட கண்ணு. இந்த வயசுலயும் கண்ணாடி இல்லாம ஊசியில நூல் கோப்பேன். அரிசியில கெடக்குற குருணிக் கல்லு என்னையத் தாண்டி ஒலைக்குப் போவாது. அம்புட்டு ஏன், அன்னைக்கு அந்தச் செக்குக்காரரு பொண்டாட்டி தோட்டுல ஒத்தைக் கல்லு விழுந்திருந்துச்சு, அத வாசப்படியில நின்னுக்கிட்டே கண்டுபுடிச்சவ நான். அதனால நானா ஒரு முடிவுக்கு வந்தேன். அவன் வரவே இல்ல. தட்ட யாருகிட்டயோ குடுத்து விட்டுட்டு, என்னைய அவமானப்படுத்தணும்னே ஜோடிச்சுட்டான். அவனா வந்து மன்னிப்புக் கேக்காத வரைக்கும் அவன் வாசலை மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்.

இதுல இன்னொரு கூத்து. அதுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால இருந்தே ஊரு சனம் ஒரு மாதிரி ஆகிப்போச்சு. எல்லாரும் பூனை நடை நடக்கப் பழகிட்டாக. திடீர்னு பக்கத்துல வந்து நிக்கிறது, நான் திடுக்குனு அரண்டு போறது. ஆட்டோக்காரன் ஹாரனே அடிக்கிறதில்ல, வந்து இடுப்புல உரசுறான். பக்கத்து வீட்டுக்காரி ‘பாத்தும் பாக்காத மாதிரிப் போற, எம்புட்டு இருக்கும் ஒனக்கு’ன்னு சண்டைக்கு வர்றா. எங்க வீட்டுல புதுசா ஒரு கதவு போட்டோம், அந்த ஆசாரி நெலைய ஒடுக்கமா வச்சுட்டான் போல, இடது தோள்பட்டை இடிச்சு இடிச்சுப் புண்ணாப் போச்சு. ஆசாரியக் கூப்புட்டுத் திட்டுனேன். அவன் டேப்பு வச்சு அளந்து காட்டுனான். டேப்பும் அவன்துதானன்னு விரட்டி விட்டேன்.

இந்த நெலமையிலதான் எங்க வீட்டுக்காரரக் கூட்டிக்கிட்டு இங்க வந்தது. சீட்டுப் போடுற பிள்ளை, ‘நீங்களும் பாத்துக்கங்கம்மா, நாப்பது தாண்டுனா வருசம் ஒரு தடவ பாக்கணும்’னுச்சு. ‘நான் அறுபதத் தொடப்போறேன் தாயி, எங் கண்ணுக்கு என்ன’ன்னேன். சும்மாதான, பாத்துட்டுப் போங்கன்னுச்சு. எனக்கும் ஒரு ஆசை. எங் கண்ணு எப்படின்னு இந்த மனுசன் முன்னால ஒரு தடவ காட்டிப் போடணும்னு. செவத்துல எழுத்து மாட்டியிருக்கே, அத மேல இருந்து கீழ வரைக்கும் மடமடன்னு வாசிச்சேன். கடைசி வரியில கீழ அச்சாபீசு பேரு சின்னதாப் போட்டிருந்தான், அதையும் வாசிச்சேன். வாசிச்சுட்டு எங்க வீட்டுக்காரரத் திரும்பிப் பாத்தேன் பாரு ஒரு பார்வை.

அத்தோட விட்டிருந்தா நல்லாருந்திருக்கும். அடுத்து ஒரு மிஷினுல தாடைய வைக்கச் சொல்லி, கண்ணுல புஸ்ஸுன்னு காத்து ஊதுனாக. மிஷினுக்கிட்ட இருந்த பிள்ளை மறுபடியும் ஊதுச்சு. பெறகு எந்திரிச்சுப் போயி இன்னொரு பிள்ளையக் கூட்டியாந்துச்சு. அதுவும் ஊதுச்சு. அடுப்பா தாயி இது, ஆளாளுக்கு ஊதுறீகன்னு கேட்டேன். சிரிக்கல. ‘கண்ணுல பிரஷர் கூட இருக்கும்மா’ன்னுச்சு. எங்க வீட்டுக்காரருக்கு ரத்தத்துல பிரஷர், அதையும் நாந்தான் ஏத்தி விட்டேம்பாரு. கண்ணுல பிரஷருங்கிறத அன்னைக்குத்தான் கேள்விப்படுறேன்.

பெறகுதான் இந்த இருட்டு ரூம்பு. உள்ள ஒரு மிஷினு, பெரிய வெள்ளைக் கிண்ணத்தப் படுக்க வச்ச மாதிரி. அதுக்குள்ள மூஞ்சியக் குடுக்கணும். ஒரு கண்ண மூடிருவாக. கையில ஒரு பித்தான் குடுப்பாக. ‘நடுவுல எரியுற வெளிச்சத்தையே பாருங்கம்மா. சுத்தி எங்கயாச்சும் பொட்டு மாதிரி வெளிச்சம் வந்தா அமுக்குங்க. கண்ண ஓட்டிக்கிட்டுத் தேடக் கூடாது.’ சரின்னு உக்காந்தேன். ஒரு பொட்டு வந்துச்சு, அமுக்குனேன். இன்னொண்ணு, அமுக்குனேன். அம்புட்டுத்தான். பெறகு ஒண்ணையும் காணோம். மிஷினு மட்டும் உள்ள கிர்ரு கிர்ருன்னு சத்தம் குடுக்குது. நானும் பித்தானப் புடிச்சுக்கிட்டு தவங்கெடக்கேன். ‘ஏ தாயி, கரண்ட் போயிருச்சா?’ன்னு கேட்டேன். ‘இருக்கும்மா, நீங்க நேராப் பாருங்க’ன்னுச்சு. இன்னும் கொஞ்ச நேரம். இருட்டு. ‘அப்ப ஒங்க பல்பு பீஸு போயிருச்சு, மொதல்ல அத மாத்துங்க, நோயாளியக் கூட்டியாந்து உக்கார வச்சுக்கிட்டு வெளையாடுறீகளா’ன்னு சத்தம் போட்டேன். அந்தப் பிள்ளை எந்திரிச்சு வந்துச்சு. எந்தோள்ல கைய வச்சு லேசாத் தட்டிக் குடுத்துச்சு. நான் பித்தானக் கீழ வச்சுட்டேன் தாயி.

டாக்டரும் பொம்பளைப் பிள்ளைதான், எம்மக வயசு. கிளாக்கோமான்னு சொன்னாக. அதென்ன எழவுன்னு கேட்டேன், பொறுமையாத்தான் சொன்னாக. கண்ணுக்குள்ள தண்ணி ஊறிக்கிட்டே இருக்குமாம், ஊறுன தண்ணி வடிஞ்சிக்கிட்டே இருக்கணுமாம். நம்ம வீட்டு அங்கணத்துல தண்ணி போற குழி அடைச்சுக்கிற மாதிரி அந்த வழி அடைச்சுக்கிட்டா, அழுத்தம் கூடி உள்ள நரம்பு பட்டுப்போகுமாம். வலிக்காது, செவக்காது, தண்ணி வடியாது. ஓரத்துல இருந்து அரிச்சுக்கிட்டே வருமாம். நடுவுல இருக்குறது கடைசி வரைக்கும் பளிச்சுன்னு தெரியும், அதனால ஊசியும் கோக்கலாம், எழுத்தும் வாசிக்கலாம். இடது கண்ணுல நடுவுல கொஞ்சந்தான் மிச்சமாம். வலது கண்ணுலயும் ஓரத்துல ஆரம்பிச்சிருச்சாம். ‘போனது திரும்ப வராதும்மா. சொட்டு மருந்து நாள் தவறாம விட்டா இருக்குறத காப்பாத்திக்கலாம்’னாக.

மொதல்ல எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? கண்ணு போச்சேன்னு தோணல. ஜெயிச்சுட்டோம்னு தோணுச்சு! நான் அவனப் பாக்கலன்னு டாக்டரே சொல்லியாச்சு, இனிமே எவ வாயத் தெறப்பான்னு. பஸ்ஸுல ஏறி உக்காந்த பெறகு சும்மா வலது கண்ண மூடிப் பாத்தேன். இடது பக்கத்துல உக்காந்திருந்த எங்க வீட்டுக்காரரக் காணோம். ஆளே இல்ல. இந்த மனுசன் கண்ணு முன்னால இருந்து ஒழியணும்னு எத்தனை தடவ வேண்டியிருப்பேன், இப்படியா பலிக்கணும்? சிரிச்சேன். பெறகு அழுதேன். நெசமாவே அழுதேன் தாயி, பயந்துட்டேன். எங்களப் பெத்த அய்யா கடைசிக் காலத்துல செவத்தத் தடவித் தடவித்தான் நடப்பாக. வயசாயிருச்சுன்னு நாங்க விட்டுட்டோம்.

அன்னைக்கு இங்க இருந்து கெளம்பும்போதே டாக்டர் ஒண்ணு கேட்டிருந்தாக. ‘கூடப்பொறந்தவங்க இருக்காங்களா? இது குடும்பத்துல வரும், கட்டாயம் கூட்டியாந்து காட்டுங்க’ன்னு. எந்தம்பிக்கு ஒண்ணும் இருக்காது, எட்டுத் திக்கும் பாத்து வண்டி ஓட்டுறவன், அதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் மனசு கேக்கல. சண்டைதான், இல்லங்கல. அதுக்காக எங்க அய்யா மாதிரி அவன் செவத்தத் தடவுறத என்னால பாக்க முடியுமா? மிதிக்க மாட்டேன்னு சொன்ன வாசலை மிதிச்சேன். வெறுங்கையோட போகாம சேவுப் பொட்டலம் வாங்கிக்கிட்டு.

வாசல்ல வேன நிப்பாட்டி, பக்கவாட்டுல தொங்குற கண்ணாடிய மாட்டிக்கிட்டு இருந்தான். அந்த இடது கண்ணாடிய ஒவ்வொரு ரெண்டு மாசத்துக்கும் எவனாச்சும் வந்து ஒடைச்சுட்டுப் போறான். ரோட்டுல ஒரு பயலுக்கும் வண்டி ஓட்டத் தெரியலம்பான், நெசந்தான். நான் போயி அவனுக்குப் பக்கத்துல, இந்தா ஒனக்கும் எனக்கும் இருக்குற தூரத்துல நின்னேன். பாத்துட்டு ‘வா’ன்னு ஒரு வார்த்தை சொல்லுவான்னு பாத்தேன். சொல்லல. ஸ்பேனர வச்சுத் திருகிக்கிட்டே இருக்கான். நானும் வாயத் தெறக்கல. நானா எப்படித் தெறப்பேன்? அக்காக்காரி வந்து ‘வந்திருக்கேன்’னு சொல்லணுமா? அங்கயே நின்னேன். வெயிலு மண்டையப் பொளக்குது. அன்னைக்கு மகாலுல நான் உன்னைய நிக்க வச்சதுக்கு இன்னைக்கு நீ என்னைய நிக்க வைக்கிறியா, நல்லா பழிவாங்குடா மகனேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன். ஜெயக்கொடி மோரு கொண்டுக்கிட்டு வெளிய வந்து, ‘ஆத்தே, வாங்க மதினி, எப்ப வந்தீக?’ன்னா. அவன் துள்ளிக் குதிச்சான் பாரு, ஸ்பேனரு கைய விட்டு எகிறிப் போச்சு. ‘எங்கிட்டு இருந்து வந்தா இவ?’ன்னு அவகிட்டக் கேக்குறான். நடிப்பு தாயி. பச்ச நடிப்பு. சினிமாவுக்குப் போயிருந்தா எங்கயோ இருந்திருப்பான்.

டாக்டர் சொன்னத எல்லாம் சொன்னேன். நரம்பு பட்டுப்போச்சுடா, ஓரம் தெரியாதுடான்னேன். ‘அப்ப செக்குக்காரர் வீட்டம்மா தோட்டுல கல்லு இல்லாதது மட்டும் எப்படி தெரிஞ்சுச்சு?’ன்னான். அது நடுவுல இருந்துச்சுடான்னேன். கண்ணெல்லாம் செவந்துபோச்சு அவனுக்கு. ‘அப்ப எவனோ செக்கு ஆட்டுறவன் நடுவுல, தாய்மாமன் ஓரமா?’ன்னு கத்துனான். நீயே வந்து டாக்டரக் கேளுடான்னேன். கேக்கத்தான் போறேன்னான். நீயும் அந்த மிஷினுல உக்காந்தாத்தான் டாக்டர் பேசுவாகன்னு ஒரு பொய்யச் சொன்னேன். வந்துட்டான். ‘வெரசா முடியணும், நாளைக்குக் காலையில பிள்ளைகள ஏத்தணும்’னு சீட்டுப் போடுற எடத்துலயே அதிகாரம் பண்ணிட்டுத்தான் உள்ள போனான்.

எழுத்து வாசிக்கச் சொன்னாக. கடைசி வரி வரைக்கும் வாசிச்சுட்டு என்னையத் திரும்பி ஒரு பார்வை பாத்தான் பாரு. எங்க வம்சத்துக்கே இருக்குற திமிரு. அச்சாபீசு பேரையும் வாசிச்சான்.

என்ன இன்னும் காணோம்? எனக்கு இம்புட்டு நேரம் ஆகலயே. ஊதுனதுகூட அவனுக்கு ரெண்டாவது தடவ ஊதுனாக. அது எல்லாருக்கும் ரெண்டு தடவதான் ஊதுவாக போல. ஒன் மாமியாருக்கு ஊதுனாகளா? ஒரு தடவதானா?

இரு, இரு. பேசாத. உள்ள அவன் கொரலு.

தாயி, ஒனக்குக் கேட்டுச்சா? ‘ஏம்மா, கரண்ட் போயிருச்சா’ன்னு கேக்குறான்.

அந்தப் பிள்ளை என்ன சொல்லுது? கேக்குதா ஒனக்கு? ‘இருக்குய்யா, நேராப் பாருங்க’ன்னுதான சொல்லுது?

அய்யோ, அன்னைக்கு வாசல்ல அவன் நடிக்கல. நான் அவனுக்கு இடது பக்கத்துலயே நின்னேன் தாயி. கைய நீட்டுனாத் தொடலாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வேன்ல இருந்து அந்தப் பக்கமாத்தானே எறங்கும்.

நாளைக்கு அவன் வண்டி எடுக்க மாட்டான். சாவிய நான் புடுங்கிக்கிருவேன். அடிச்சாலும் பரவால்ல.

எந்திரி தாயி, கொஞ்சம் எங் கையப் புடி. பெஞ்சுக் காலு எங்க இருக்குன்னு தெரியல. அந்தக் கதவுக்கு நேரா, நட்ட நடுவுல என்னையக் கொண்டுபோயி நிப்பாட்டு. பக்கவாட்டுல நிப்பாட்டிராத. அவன் வெளிய வந்ததும் மொதல்ல நான் தெரியணும். ‘வாப்பா’ன்னு நான் சொல்லணும்.